முழுக்கக் கற்பனை

7.8.81, வெள்ளி
கச்சான் காற்று. வாயெல்லாம் மணல். பல்கலைக்கழக விடுமுறை, நேற்றுத்தான் கல்முனை பஸ்ஸில் வந்து இறங்கினேன். விடைத்தாள் கட்டு அவிழ்க்கவில்லை.

என் கதை வந்த வார இதழ் ஊர் முழுக்கக் கைமாறுகிறது. பன்னிரண்டு வருடம் எழுதி இப்போதுதான் நம்மூரார் படிக்கிறார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

8.8, சனி
தங்கச்சி ஹலீமா வீட்டில் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறாள். பதினாறு பிள்ளைகள். இன்று நான்கு. ஊரில் காய்ச்சலா என்றேன். 

பின்னேரம் கடையில் முதுகுக்குப் பின்னால்: "லெக்சரர்ட தங்கச்சிதான். இத்தாவில கடலுக்குப் போனவளாம், கூடப்பொறந்த காக்காவே கதையில எழுதியிருக்காரு. அவளிட்டயா புள்ளைய ஓத அனுப்புற?"

 அவள் புருஷன், என் மச்சான், தோணியோடு கடலில் மௌத்தாகி வருடம் ஒன்றரை. நாலு மாதம் பத்து நாளும் ஹலீமா வீட்டை விட்டு இறங்காமல் துக்கம் காத்து இத்தா இருந்தாள், ஊரே அறியும். கதையில் விதவை இத்தாவில் கடற்கரைக்குப் போவது நான் இட்டுக்கட்டியது. பெயரை மாற்றினேன், தோணியை மாற்றவில்லை. மடையன். எழுத்தாளன் கண்டதை மட்டும் எழுதக்கூடாது என்று வகுப்பில் முழங்குகிறவன் வேறு.

9.8, ஞாயிறு
உம்மா சோறு வைத்தா. முகம் பார்க்கவில்லை. "ஒண்ட பேனைக்கு ஒண்ட கூடப்பொறந்தவதானா கெடச்ச?"

செய்ய வேண்டியவை:
இதழுக்கு மறுப்பு.
பள்ளிவாசலில் பேச்சு.
விடைத்தாள் (எங்கே!).

அஸர் தொழுகை முடிந்து எல்லோர் முன்னும் எழுந்து நின்றேன். வல்லாஹி, அல்லாஹ் மேல் சத்தியம், அது முழுக்கக் கற்பனை, இத்தாவில் தங்கச்சி வாசல் தாண்டவில்லை என்றேன். பள்ளித் தலைவர் தலையாட்டினார். "ஓம் தம்பி. நீங்க சத்தியம் பண்ணினாப் போதும். இனி ஆரும் கதைக்க மாட்டாங்க."

10.8, திங்கள்
மறுப்பு காலைத் தபாலில் போயிற்று. பிள்ளைகள் பதினாலு. ஓதும் சத்தம் கேட்க அழுகை வந்தது. வரட்டும்.

பின்னேரம் ஹலீமா தேத்தண்ணி கொண்டுவந்தாள். மூன்று நாளில் இப்போதுதான் வாய் திறந்தாள்.

"காக்கா, நான் இத்தாவில கடலுக்குப் போனது உம்மாக்கும் தெரியா. ஒனக்கு ஆரு சொன்ன?"

வல்லாஹி என்று சொல்லிவிட்டேனே.