கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தினமும் கண் விழிக்கிறேன். இங்கே நாங்களும் சுகம், அதாவது பெரியவர்கள் எல்லோரும் சுகம். போனில் சொல்வதை விட்டுவிட்டு இந்த மனுஷன் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய், நம் வீட்டில் போன் அடித்தால் அது பொதுக்கூட்டம் அம்மாடி, உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், உன் அண்ணன் மைக்கைப் பிடித்த மாதிரி பேச ஆரம்பித்துவிடுவான், நான் ஓரமாக நின்று ம் கொட்ட வேண்டியதுதான். அதனால் இதைத் தனியாக உட்கார்ந்து படி. அடுத்த மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டும் என்று கிளம்பியதிலிருந்து உன் அண்ணனைத் தெருவில் கீரைக்கட்டு என்று கூப்பிடுகிறார்கள், அவனுக்கு அதில் பெருமை வேறு. பிளாஸ்டிக் பை கூடாது என்று போகிற கடையிலெல்லாம் ஒரு புதுத் துணிப்பை வாங்கி வருகிறான், பீரோவைத் திறந்தால் பைகள் தலையில் விழுகின்றன, அதைச் சொன்னால் முகம் தொங்கிப்போகும். இதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். போன மழைக்கு முன்னால் கோழிப்பண்ணையிலிருந்து லாரியில் எரு இறக்கிக் கிணற்றை ஒட்டியே மலைபோலக் குவித்தான். கொஞ்சம் தள்ளிப் போடேன்டா என்றேன், இயற்கை உரம்தானேப்பா, மண்ணுல இருந்து வந்தது மண்ணுக்கே போகுது, இதுல என்ன கெடுதல் என்றான். மழை விட்டபோது குவியலில் பாதியைக் காணோம், கரைந்தது எங்கே போயிற்று என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு தோட்டத்தைப் பார்க்க வேண்டுமே, கத்தரிச் செடி என் இடுப்புக்கு வந்துவிட்டது, இலையெல்லாம் கருகருவென்று கையகலம், காய் மட்டும் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. அந்தப் பச்சையில் என்னமோ கோளாறு என்று நான் சொல்கிறேன், உன் அம்மாவோ கண்ணேறு படும் என்று யாரையும் அந்தப் பக்கம் விடுவதில்லை.

முன்பக்கப் போர்ஷனில் தையற்காரரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன், அவர்களுக்குக் கைக்குழந்தை, தாய்ப்பால் போதாமல் பவுடர் பால்தான். அவர்கள் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேனே விஷம், பூமிக்கும் கேடு பிள்ளைக்கும் கேடு, நம்ம கிணத்துத் தண்ணியை நல்லா காய்ச்சிக் குடுங்க, எவ்வளவு காய்ச்சுறீங்களோ அவ்வளவு சுத்தம் என்று உன் அண்ணன்தான் சொன்னான், அந்தப் பெண்ணும் நம்பிப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி அதில் பாலைக் கரைத்தாள். கொஞ்ச நாளில் குழந்தையின் உதடும் நகமும் மை பூசின மாதிரி ஆகிவிட்டன. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன், ஊசியில் எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை மகளே, காப்பித்தூள் நிறத்தில் இருந்தது, டாக்டர் அதைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே எந்தத் தண்ணீரில் பால் கலக்குகிறீர்கள் என்றுதான். பிறகு தையற்காரர் மட்டும் வந்து மிஷினையும் சாமான்களையும் வண்டியில் ஏற்றினார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன், இன்னும் அங்கதான் இருக்குது என்று சொல்லிக்கொண்டே மிஷினைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

சுகாதார ஆபீசிலிருந்து வந்து கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார்கள். எருவிலிருந்து இறங்கின நைட்ரேட் என்ற உப்பு அளவுக்கு மேல் இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர இது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். பெரியவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது, கைக்குழந்தையின் ரத்தம் தாங்காது, பிள்ளைத்தாய்ச்சிகளும் தொடக் கூடாது என்று சொல்லி மோட்டார் குழாயில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாளே உன் அண்ணன் தின்னர் ஊற்றித் தேய்த்து அதை அழித்துவிட்டான், தங்கச்சி வர்ற நேரத்துல இதைப் பார்த்துப் பயந்துடுவாப்பா என்கிறான். குழந்தைக்கு வந்தது பவுடர் பாலால்தானாம், செயற்கைச் சாமானாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, ஒரு தூசி இருக்கா பாருங்க என்று மடக் மடக்கென்று குடித்துக் காட்டுகிறான். உன் அம்மா, இந்தத் தண்ணியில்தானே ரெண்டையும் வளர்த்தேன் என்று அவன் பக்கம் நிற்கிறாள். அப்போது அங்கே எரு இல்லையே என்றால் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறாள்.

குழந்தைக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கி வைக்கலாமே என்று நீ சொல்வாய். வாங்கி என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சீல் உடைந்திருக்கிறது. கேட்டால் சிரிக்கிறான், அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு நம் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி அதில் நிரப்பி வைத்திருக்கிறானாம், கேனை வீணாக்கக் கூடாதாம். திருட்டுத்தனமாகச் செய்தவன் மாதிரியே இல்லை அவன், தன் மருமகனுக்கு நல்லது செய்தவன் மாதிரி நின்றான். என் பிள்ளையைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான். நான் பஸ் ஓட்டின காலத்தில் குறுக்கே வருகிறவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று ஒரு கணக்கு இருக்கும், இவன் விஷயத்தில் எனக்கு ஒரு கணக்கும் பிடிபடவில்லை.

அதனால் வராதே. பெற்ற பெண்ணை வராதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை, பேரனை ஒரு தடவை மடியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் வராதே. நீயும் பவுடர் பாலுக்கு மாறிவிட்டதாகச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் பயணம் வேண்டாம் என்றார் என்று அம்மாவிடம் சொல்லிவிடு, பிறகு விஷயம் தெரிந்து பழி என்மேல் வந்தாலும் பரவாயில்லை. அண்ணன் ஆயிரம் சொல்வான், குழைந்து பேசுவான், மசிந்துவிடாதே. உன் வீட்டிலும் எந்தத் தண்ணீரில் பால் கலக்கிறாய் என்று ஒரு தடவை விசாரித்துக்கொள்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், என் பேரனுக்கு ஆயிரம் முத்தம். இன்னும் இரண்டு வரி எழுத நினைத்தேன், வாசலில் வண்டி வந்து நிற்கிறது, முன்பக்கப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள். அந்தப் பெண் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறாள், ஏழு மாதம் இருக்கும். உன் அண்ணன் குடத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே போய்க்கொண்டிருக்கிறான். நான் ஓட வேண்டும்.

உன் அப்பா