சீமைக்கருவேலத்தின் கீழ் நின்றவருக்கு

அக்கா,

இன்று காலை வேப்பம்புண்ணாக்கு மூட்டையைப் பிரித்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் பழக்கத்தில் உங்கள் பக்கம் திரும்பினேன். "பூசைக்குப் போட்ட சென்ட்டெல்லாம் இதுலயே போச்சுங்க" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். திரும்பிய பக்கம் புங்க மரம்தான் நின்றது.

கொள்ளிடக் கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை நாங்கள் சிலர் காடாக்கத் தொடங்கியிருந்தபோது நீங்கள் வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடித்து, டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வருவீர்கள். கல்லூரி அலுவலகத்தில் வேலை. தம்பி குடும்பத்தோடு இருந்தீர்கள். நான் ஸ்ரீரங்கத்தில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அம்மா போன பிறகு வீட்டில் தனியாள். மாத்திரைப் பெயர்களைத் தவிர வேறு எதுவும் பேசாமலே எனக்கு ஒரு வாரம் போய்விடும். முதல் நாள் என் பக்கத்தில் களையெடுக்க உட்கார்ந்த நீங்கள், "ஏங்க, நீங்க எப்பவுமே இப்படித்தானா, இல்ல என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நம் இருவர் களைக்கொட்டும் ஒரே பாத்தியில்தான் ஓடியது.

அந்தத் தை மாதத்தை நினைக்கிறேன். காட்டின் ஓரத்தில் மிச்சமிருந்த ஒரே சீமைக்கருவேலத்தையும் பிடுங்கிவிட வேண்டும் என்று நம் குழுப் பொறுப்பாளர் ஜேசிபி வரவழைத்திருந்தார். நல்ல மனிதர்தான், அந்த இடத்துக்கு முதல் கன்றைக் கொண்டுவந்தவரே அவர். வண்டி உறுமிக்கொண்டு நெருங்கும்போது நீங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, மெதுவாக நடந்து போய் மரத்தடியில் நின்றீர்கள்.

"மேல மடையான் கொக்கு கூடு கட்டியிருக்குங்க. குஞ்சு இருக்கு."

"மேடம், இது நிலத்தடித் தண்ணிய உறிஞ்சற மரம். இதுக்குப் போயி நிக்கிறீங்களே."

"மரத்துக்காக நிக்கலைங்க. குஞ்சு பறக்கட்டும். அப்புறம் நானே ஆள் கூட்டிட்டு வந்து வெட்டுறேன்."

"வண்டிக்கு நாள் கிடைக்கிறதே கஷ்டம். நாலு கொக்குக்காக இத்தனை பேர் உழைப்பு வீணாகணுமா?"

நீங்கள் நகரவில்லை. முகத்தில் கோபம் இல்லை, ஒரு கை மட்டும் முள்ளைப் பாராமல் மரத்தைப் பிடித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் வந்து உங்கள் பக்கத்தில் நின்றேன். கூட்டத்துக்கு நடுவே அப்படி நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

வண்டி போயிற்று. அடுத்த ஞாயிறு பொறுப்பாளர் வரவில்லை. அவரோடு பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேரும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அந்தக் கோடையில் நாம் இரண்டு பேர்தான் குழாயை இழுத்து இழுத்து அத்தனை கன்றுக்கும் தண்ணீர் விட்டோம். குஞ்சுகள் பறந்தன. சொன்னபடியே நீங்கள் மரம் வெட்ட ஆள் கூட்டி வந்தீர்கள். முள் கிழித்த கையோடு அந்தக் குழியில் நீர்மருது நட்டீர்கள். "அவர்கிட்ட சொல்லுங்க, வெட்டியாச்சுன்னு" என்றீர்கள். நான் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை.

ஆடியில் ஒரு ஞாயிறு நீங்கள் வரவில்லை. மாலையில் உங்கள் எண்ணுக்கு அழைத்தபோது தம்பி மகள் பேசினாள். தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னாள். அன்று காலைதான் கண்டார்களாம்.

மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அங்கே யாரையும் தெரியாது. தம்பி மகள் நாற்காலி போட்டு, "நீங்க அத்தைக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். கல்லூரியா என்றாள், சர்ச் பங்குக்காரரா என்றாள். "காட்டுல சேர்ந்து வேலை செய்வோம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நல்ல பெண், காபி கொண்டுவந்து தந்தாள். நான் குடித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு, பஸ் ஏறினேன். அழக்கூட ஒரு உறவுமுறை வேண்டியிருக்கிறது அக்கா. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் அழ முடிந்தது.

செய்தி தெரிந்து அடுத்த ஞாயிறு நிறையப் பேர் வந்தார்கள். உங்கள் நினைவாகக் கன்று நட்டார்கள், படம் எடுத்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு நான் மட்டும்.

போன மாதம் பொறுப்பாளர் தனியாக வந்தார். மெலிந்திருந்தார். நீர்மருதின் அருகே வெகுநேரம் நின்றார். அது என் தோளுக்கு வளர்ந்திருக்கிறது.

"அவங்க இருக்கறப்பவே வந்திருக்கணுங்க" என்றார்.

"வெட்டியாச்சுன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். அதிலிருந்து வருகிறார். அவர் மேற்கு ஓரம், நான் கிழக்கு ஓரம். பத்து மணிக்கு "வரேங்க" என்று சொல்லிக்கொண்டு போகிறார். நல்லதுதான், கன்றுகள் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் இப்போதெல்லாம் கடையில் நடந்தது, பஸ்ஸில் பார்த்தது என்று வாரம் முழுக்க ஒவ்வொன்றாகச் சேர்த்துவைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சொல்வதற்கு. ஞாயிறு வந்ததும் அதையெல்லாம் வைத்துக்கொண்டு களையெடுக்கிறேன். தனியாக இருப்பது எனக்கு நன்றாகப் பழகிப்போன ஒன்று. நீங்கள் வந்து அந்தப் பழக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள். அதை நான் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. பழகிக்கொள்ள மனம்தான் வரவில்லை.