இடப்பக்கத்துப் பலகை

1943 ஜூன் 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டி ஏமாற்றிவிட்டது. பட்டறையில் புதிதாக இரண்டு ராணுவ லோரி. இரண்டுக்கும் பாடி கட்ட வேண்டும். மெராந்திப் பலகை இன்னும் ஈரம். புது ஆணி கிடையாது. பழைய பெட்டிகளில் பிடுங்கி, தட்டி நிமிர்த்தி வைத்திருப்பதுதான்.

ஜப்பான் சார்ஜன் வந்தான். பக்கப் பலகையைக் கம்பால் தட்டி, "இனி பாகுஸ்? இத்து பாகுஸ்?" என்றான். இதுவா நல்லது, அதுவா? கீல் வைத்து வெளிப்பக்கம் இறக்குகிற பலகையா, அசையாமல் அடித்த பலகையா? மேஸ்திரி அந்தோணி என்னைப் பார்த்தார். பாடி வேலை என்னுடையது, ஆகவே வம்பும் என்னுடையது.

எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னது:

நல்லது: பீப்பாயை எந்தப் பக்கமிருந்தும் உருட்டி ஏற்றலாம். துறைமுகத்தில் சுமை இறக்க நேரம் மிச்சம். பலகைகளை இறக்கிவிட்டால் தளம் மேசை மாதிரி. நீள மரம்கூட வைக்கலாம். ஒரு பக்கம் உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

கெட்டது: கீல் தேயும். மூடுகிற கொண்டி குலுங்கிக் கழலும். இடுக்கில் அரிசி ஒழுகும். சாய்கிற பாரத்தை அவ்வளவாகத் தாங்காது. வழியெல்லாம் லொடலொட.

சுமைக்கென்றால் இறக்குகிற பலகைதான் என்று முடித்தேன். தலையாட்டினான். அறை விழவில்லை. அதுவே நல்ல நாள்.

வீட்டில் மரவள்ளிக்கிழங்கு. என் வீட்டுக்காரி பாக்கியம் புது விதமாகச் செய்திருந்தாள். ருசி பழைய விதம். சொல்லவில்லை, வீட்டிலும் அறை வாங்க முடியாது.

8, செவ்வாய்

சவர்க்காரம் தீர்ந்தது. சாம்பல்தான். சுவர்க் கடிகாரத்தில் ஜப்பான்காரன் மாற்றிவைத்த டோக்கியோ மணி, வயிற்றில் பழைய மணி.

லோரி ஓட்டும் காதர் அண்ணன் காப்பாரிலிருந்து வந்தார். தனியாகக் கூப்பிட்டார்.

"எஸ்டேட்ல சயாமுக்கு ஆள் புடிக்கிறாங்க தம்பி. ரயில் பாதை வேலைக்கு. ஒன் மச்சான் பேரும் எழுதிட்டாங்க."

வேலு. பாக்கியத்தின் தம்பி, ஒரே தம்பி. தாய் போனபின் இவள் இடுப்பில் வளர்ந்தவன். இரண்டு வருஷம் முன்னால் கல்யாணம் பேசி, ஜப்பான் சண்டை வந்து நின்றுபோனது.

"எப்பண்ணே?"

"சனிக்கிழமை லோரி. கோலாலம்பூர் ஸ்டேசன்ல ரயிலேத்துறாங்க. மூணு மாசத்துல திருப்பி அனுப்பிடுவோம்னு சொல்றானுங்க."

முன்னால் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. பாக்கியத்திடம் எப்படிச் சொல்வது? இன்று வேண்டாம்.

10, வியாழன்

நேற்றும் சொல்லவில்லை. இன்று சொல்லியே ஆக வேண்டியதாயிற்று.

காலையில் சார்ஜன் கத்திக்கொண்டே வந்தான். பந்திங்கிலிருந்து ஆள் ஏற்றி வந்த லோரி. உள்ளே இருந்தவர்கள் கையை வெளியே விட்டுக் கொண்டியைத் தட்டிவிட்டார்கள். பலகை விழுந்தது, ஏழெட்டு இளவட்டங்கள் ரப்பர் காட்டுக்குள். இறக்குகிற பலகையின் பெரிய நன்மை எனக்கு விட்டுப்போயிருக்கிறது. இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

மேஸ்திரிக்கு இரண்டு கன்னத்திலும் அறை. பாவம், வேலை என்னுடையது, வீக்கம் அவருடையது. உத்தரவு: கொண்டிகளைக் கழற்று. பலகைகளை ஆணி அடித்து மூடு. சனிக்கிழமை காப்பார் போகும் லோரிக்கு முதலில்.

பாக்கியத்திடம் எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். கிழங்கு நறுக்குவதை நிறுத்தாமல், "நீங்கதானே ஆணி அடிக்கப் போறீங்க?" என்றாள். அவ்வளவுதான்.

11, வெள்ளி

நல்ல மழை. பட்டறை ஒழுகுகிறது.

அடித்துவிட்டேன். வலப்பக்கமும் பின்னாலும் நீள ஆணி. இடப்பக்கம் குட்டை ஆணி, பெரிய தலை. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பலகையைத் தாண்டிச் சட்டத்துக்குள் ஒரு நகம் அளவுதான் போயிருக்கும். கீல் அப்படியே. ஓர் ஆள் தோளால் தள்ளினால் பலகை இறங்கிவிடும். இடப்பக்கம் ஏனென்றால் அதுதான் ரோட்டோரம். குதித்தால் புல், புல்லைத் தாண்டினால் காடு.

மேஸ்திரி வந்தார். இடப்பக்கத்துப் பலகையைப் பிடித்து ஒரு குலுக்கு. என் முகத்தைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார். தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் போனாரா? மடியில் கனம், வழியில் பயம்.

நாளை அந்த லோரியை ஓட்டப்போவது காதர் அண்ணன்.

"வேலுகிட்ட சொல்லுங்கண்ணே. இடப்பக்கப் பலகை ஓரமா உக்காரணும். பத்து தீகா மேட்டுல, கரி போட்டு ஓடுற லோரி ஊர்ந்துதான் போகும். அப்ப தோளால ஒரு தள்ளு."

"காவக்காரன்?"

"ஒங்க பக்கத்துலதானே உக்காருவான்."

தாடியைத் தடவினார். "நான் ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் பாக்கல. ஆனா சொல்லிடுறேன் லா."

12, சனி

வெயில். லோரி விடியலிலேயே காப்பாருக்குப் போய்விட்டது. பாக்கியம் எனக்கு முன்பே எழுந்து குளித்துச் சாமி விளக்கேற்றியிருந்தாள்.

மத்தியானம்வரை மனசு லேசாகத்தான் இருந்தது. பிறகு பட்டறை வாசலில் ஸ்டேசனுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேறொரு லோரி நின்றது, தண்ணீர் ஊற்ற. உள்ளே காஜாங் பக்கத்து ஆட்கள், குடும்பம் குடும்பமாக. யாரோ ஒருவர் சொன்னார்: "ஏம்பா, அந்தப் புள்ளக்காரிய ஓரத்துல உக்கார வைங்க. பலகையில சாஞ்சிக்கட்டும்."

கையில் இருந்த ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

எஸ்டேட் வழக்கம் எனக்குத் தெரியாதா? திருவிழாவுக்குப் போனாலும் சினிமாவுக்குப் போனாலும் லோரியில் பலகை ஓரம் கிழவர்களுக்கும் பிள்ளைக்காரிகளுக்கும். சாய்ந்துகொள்ள இடம் அங்கேதான். இளவட்டம் நடுவில் நிற்கும். நானே எத்தனை தடவை நின்றிருக்கிறேன். இது எப்படி மறந்தது? என் கணக்கில் அந்த லோரியில் வேலு ஒருவன்தான் இருந்தான்.

பத்து தீகா மேட்டுக்கு முன்னால் எவ்வளவு ரோடு. அதில் எவ்வளவு பள்ளம். சமதரையில் காதர் அண்ணன் வேகமாகத்தான் ஓட்டுவார். நகம் அளவு ஆணி. அதன்மேல் முதுகுகள். மடியில் பிள்ளைகள்.

பட்டறை மூடும்வரை லோரி வரவில்லை.

13, ஞாயிறு

ராணுவ வேலைக்கு ஞாயிறு கிடையாது. லோரி இன்றும் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சு: "கிள்ளான் ரோட்டுல ஏதோ ஆக்சிடனாம்." என்ன ஆக்சிடன்? "மாட்டு வண்டின்னு சொன்னாங்க." யார் சொன்னது? "பாசார்ல யாரோ." மாட்டு வண்டியாக இருக்கட்டும், மாட்டு வண்டியாக இருக்கட்டும். யாருடைய மாடோ, அது செத்தாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் பாக்கியம் கிழங்கு கூடுதலாக அவித்து மூடி வைத்திருக்கிறாள். வேலு தப்பித்துக் காட்டு வழியாக வருவான் என்று. வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கிறாள். ஓரத்தில் யார் உட்கார்வார்கள் என்பதை அவளிடம் சொன்னேன். நடப்பதை நிறுத்திவிட்டாள்.

14, திங்கள்

மேகமூட்டம். லோரி வந்தது. ரயிலடியில் ஆட்களை இறக்கியதும் துறைமுகத்துக்குச் சுமைக்கு அனுப்பிவிட்டார்களாம், அதுதான் தாமதம்.

முதலில் பலகையைத்தான் பார்த்தேன். இருந்தது. மேல் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, பலகையையும் கம்பத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது.

காதர் அண்ணன் என்ஜினைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு சொன்னார்.

"சொன்னேன் தம்பி. இடப்பக்கம்தான் உக்காந்தான். கடைசில ஒரு பொண்ணு, கைப்புள்ளயோட ஏறுச்சி. எழுந்து எடம் குடுத்துட்டு நடுவுல நின்னுக்கிட்டான்."

"அப்புறம்?"

"கிள்ளான் தாண்டுனதும் பலகை ஆட ஆரம்பிச்சிடுச்சி. கூரையில தட்டு தட்டுன்னு தட்டுறான், லோரிய நிறுத்துங்கண்ணேன்னு. நிறுத்துனேன். ஜப்பான்காரன் எறங்கி வேலுவத்தான் ரெண்டு அறஞ்சான். இவன் பலகையக் காட்டிட்டுக் குதிச்சி வந்து துண்டால கட்டுனான். ஜப்பான்காரன் அந்தப் பக்கம் திரும்பி சிகரெட் பத்த வைக்கிறான். ரப்பர் காடு இந்தா, கைக்கெட்டுற தூரம். நான் கண்ணகூட காட்டுனேன்."

"ஓடலையா?"

"கட்டிட்டு மறுபடி ஏறிட்டான். ஸ்டேசன் வரைக்கும் அந்தப் பலகையப் புடிச்சிக்கிட்டே நின்னு வந்தான். ஏன்னு எனக்குத் தெரியல தம்பி."

பத்து தீகா மேட்டில் லோரி ஊர்ந்துதான் ஏறியதாம். ஒருவரும் குதிக்கவில்லை.

மேஸ்திரி பின்னால் வந்து நின்றிருந்தார். கன்னத்தில் வீக்கம் இன்னும் வற்றவில்லை. ஒரு பிடி நீள ஆணியை என் கையில் வைத்தார். அடித்தேன். முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது, அவ்வளவு இறுக்கம்.

துண்டை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாக்கியத்துக்கு அது யாருடையது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையில் வாங்கிக்கொண்டாள். காதர் அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஆகவில்லை என்றேன்.

அதன் பிறகுதான் அழுதாள்.