இரண்டு சாம்பல்

மார்ச் 4

கட்டக்காரி இன்றும் வந்தாள். வடிவமைப்பாளர் என்று மரியாதையாக எழுதலாம்தான், ஆனால் அவள் வரைவதெல்லாம் கட்டம். பூ கூடாது, கொடி கூடாது. "வடிவம் எளிமையா இருந்தாத்தான் நிறம் வேலை செய்யும்" என்கிறாள். கீழே மஞ்சள் பரப்பில் ஒரு சாம்பல் கட்டம், மேலே கருநீலப் பரப்பில் அதே சாம்பலில் இன்னொன்று. சுவரில் மாட்டுகிற துணியாம். இதைப் படித்துவிட்டு வேறு வந்திருக்கிறாள்! தறியில் பாவு ஏற்றியாகிவிட்டது, நெய்துதானே ஆகவேண்டும்.

மார்ச் 9

மஞ்சள் பாகம் முடிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 13

நீலத்தில் சாம்பல் கட்டத்தை முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். கீழே இருப்பது கறுத்த சாம்பல், மேலே வெளுத்த சாம்பல். சாயம் போட்டது தம்பி. ஒரே தொட்டியில் முக்கி எடுத்ததாகச் சொன்னான். பிறகு ஏன் நூலை வைத்த கையோடு அவ்வளவு அவசரமாகப் போனான்?

மார்ச் 14

தம்பியின் நகங்களில் ஊதா. எங்களிடம் ஊதாவே கிடையாது. கேட்டேன்.

"எதிர்த் தெரு பட்டறைக்கும் கொஞ்சம் போட்டுத் தர்றேன்க்கா. அதுல என்ன?"

அதில் என்னவா? அவர்களுக்கு நல்ல சாயம், அக்காவுக்கு மிச்சம் மீதி. கூடப் பிறந்தவனாயிற்றே என்று ஒரு நூல் சிட்டத்தைக்கூட வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்ததில்லை. இளிச்சவாய் என்று நினைத்துவிட்டான்.

மார்ச் 15

கேட்டே விட்டேன். தறிக்கு முன்னால் நிறுத்தி, "இதுவும் இதுவும் ஒண்ணா? கண்ணைத் திறந்து பாருடா" என்றேன்.

பார்த்தான். முகம் மாறிவிட்டது. "எனக்கும் வேறயாத்தான் தெரியுது. ஆனா ஒரே தொட்டிக்கா, சத்தியமா."

சத்தியமாம்! "அவங்ககிட்டயே போய்ச் சேர்ந்துக்கோ, இங்க வராத" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 16

அவன் வாயை அடைக்கவேண்டும் என்று, துணியின் பின்பக்கம் தொங்கிய நூல் முனைகளை இரண்டு கட்டத்திலிருந்தும் வெட்டி வெள்ளைத் தாளில் வைத்தேன். காற்றில் தாள் புரண்டு நூல்கள் கலந்துவிட்டன. எது மேல் கட்டத்து நூல், எது கீழ்? தெரியவில்லை. வாசல் வெயிலுக்கு எடுத்துப் போனேன். அங்கேயும் தெரியவில்லை. இரண்டும் ஒரே சாம்பல் —

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

மார்ச் 17

கட்டக்காரிக்கு ஒரே குஷி. "அதுதான் டிசைனே! மஞ்சள் பக்கத்துல இருந்தா கறுப்பாத் தெரியும், நீலத்துக்குள்ள வெளுப்பாத் தெரியும். நூல் ஒண்ணுதான்."

முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்றேன்.

"சொல்லியிருந்தா நீங்க ரெண்டையும் ஒண்ணாக் காட்ட எதாவது செஞ்சிருப்பீங்களே!"

சிரிக்கிறாள். இவளையும் நம்பக்கூடாது. ஆனால் அந்தத் துணியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

மார்ச் 18

தம்பி போனை எடுக்கவில்லை.

மார்ச் 21

எடுத்தான். நூலைப் பற்றிச் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னிச்சிடுடா என்றும் சொன்னேன். "பரவால்லக்கா, விடு" என்றான்.

அடுத்த துணிக்குச் சாயம் போடவேண்டும், எப்போது வருகிறாய் என்று கேட்டேன்.

"வேற ஆளைப் பாத்துக்கோக்கா. இங்க எதிர்த் தெரு பட்டறையில நூலைக் குடுத்தா சந்தேகப்படாம வாங்கிக்குவாங்க, அவ்வளவுதான்."

குரலில் கோபமே இல்லை. கோபமாக இருந்தால் கத்துவான், நானும் கத்துவேன், மறுநாள் வந்து நிற்பான். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.