இடது குறைந்தவள்

வெள்ளவத்தை,
10.08.1997

அன்புள்ள சுந்தரண்ணா,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக் கட்சி நடத்துகிறது. நீங்கள் அனுப்பிய குளிர்ச்சட்டை வந்து சேர்ந்தது. கொழும்பு வெயிலுக்குக் கம்பளிச் சட்டை அனுப்பிய ஒரே அண்ணன் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அம்மா அதை மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்கிறார். உங்கள் வாசம் அடிக்கிறதாம்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் தொடங்கிவிட்டது. நான் கேட்டபடியே வரலாற்றைச் சிறப்புப் பாடமாகத் தந்துவிட்டார்கள். ஆனால் வகுப்பு இரண்டாம் மாடியில். என் போலியோக் காலையும் அதில் பூட்டிய இரும்புச் சட்டத்தையும் ஊன்றுகோலையும் இழுத்துக்கொண்டு நான் மேலே போய்ச் சேர்வதற்குள் வரலாறே முடிந்துவிடும். ஆகவே எங்கள் பட்ச் பெடியன்கள் நான்கு பேர் என்னை ஒரு கதிரையில் இருத்தி அப்படியே தூக்கிக்கொண்டு போகிறார்கள். தங்கமான பிள்ளைகள். பாதி வழியில் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் என்னைப் படியில் இறக்கி வைத்துவிட்டுக் கதைப்பார்கள். நான் கீழே விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இருப்பேன்.

போன வியாழக்கிழமை என்னை மேலே ஏற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். அன்றைக்கு வகுப்பு இல்லை என்று கன்டீனில்தான் அவர்களுக்குத் தெரிந்ததாம். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் பின்னேரம் வரை அந்த வெறும் அறையில் இருந்தேன். மலசலகூடம் கீழேதான். அதனால்தான் வகுப்பு நாட்களில் காலையிலிருந்து நான் தண்ணீர் குடிப்பதில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்லவேண்டாம்.

வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்றித் தரும்படி துறைத் தலைவர் நாகேந்திரம் சேரிடம் கேட்டேன். “பெடியள் தூக்கினம்தானே, பிறகென்ன பிள்ளை?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

இன்னொரு செய்தி. டிசம்பர் மூன்றாம் திகதியைக் கம்பஸில் ‘வலது குறைந்தோர் தினம்’ என்று கொண்டாடப் போகிறார்களாம். அரசாங்கக் கடிதங்களில் என்னைப்போல ஊனம் உள்ளவர்களுக்கு அதுதானே பெயர். என்னையும் குழுவில் போட்டுவிட்டார்கள். அண்ணா, என் வலது கால் கல்லு மாதிரி இருக்கிறது. வலது கையால் இந்த நீளக் கடிதம் எழுதுகிறேன். குறைந்தது இடது கால்தான். பார்க்கப்போனால் நான் இடது குறைந்தவள்!

இப்படிக்கு,
மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஆள் தேடும்
வதனி


ஸ்காபரோ,
கனடா,
02.09.1997

அன்புத் தங்கச்சி வதனிக்கு,

வேலையால் வந்து சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு எழுதுகிறேன். கருகினால் பழி உன் மேல்தான்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இடது குறைந்தவள் என்ற இடத்தில் சிரித்தேன். மற்ற இடங்களில் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெடியன்கள் உன்னைத் தனியே விட்டுவிட்டுப் போனதற்கு நான் அங்கே இருந்திருந்தால் நல்ல பாடம் படிப்பித்திருப்பேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. தூக்குகிறவர்களோடு முரண்டு பிடிக்காதே. நாட்டில் குண்டும் ஷெல்லும் விழுகிற நேரத்தில் படிக்கட்டுக்கு எதிராகப் போராட்டம் நடத்த உன்னால்தான் முடியும்.

ஊரில், மல்லாகத்தில், உன்னை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். மழையிலும் போனேன், காய்ச்சலோடும் போனேன். ஒரு நாள்கூட அலுத்துக்கொண்டதில்லை. நீயும் முதுகில் இருந்து சிரித்துக்கொண்டுதானே வந்தாய்? தூக்குவது அவ்வளவு கெட்ட காரியமா?

படிப்பை முடி. உன்னை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் நடக்கிறது. இங்கே மூலைக் கடைக்குக்கூடப் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே வந்துவிட்டால் எந்தச் சேரிடமும் நீ கெஞ்சத் தேவையில்லை. அதுவரை பொறு.

தண்ணீர் குடி. இது அண்ணாவின் கட்டளை.

என்றும் உன்னைச் சுமக்கும்
சுந்தரம்


வெள்ளவத்தை,
05.10.1997

அன்புள்ள அண்ணா,

கட்டளைப்படி தண்ணீர் குடிக்கிறேன். மிச்சக் கட்டளைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் சுமந்ததை நான் மறக்கவில்லை. உங்கள் பிடரியில் இடது பக்கம் ஒரு மச்சம் இருக்கிறது, உங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். ஏனென்றால் பள்ளிக்கூடம் போகும் வழி முழுக்க நான் பார்த்தது அதைத்தான். எதிரே சைக்கிள் வந்ததா, மாடு வந்ததா, ஒன்றும் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் நீங்கள் பந்தடிக்கப் போய்விடுவீர்கள். நீங்கள் களைத்து வரும்வரை நான் வகுப்பில் இருப்பேன். சிரித்தது உண்மை. நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள், அதனால் சிரித்தேன். இது குற்றச்சாட்டு இல்லை அண்ணா. உங்கள் மேல் எனக்கு இருக்கும் பாசத்துக்கு அளவே இல்லை. ஆனால் இனி யாருடைய முதுகிலும் நான் போகமாட்டேன்.

ஏன் இந்தத் திடீர் வீம்பு என்று கேட்பீர்கள். எங்கள் பட்சில் ருக்கியா என்று ஒரு பிள்ளை, மருதானையில் இருக்கிறாள். கண் தெரியாது, வாய் நன்றாகத் தெரியும். அவளும் நானும் சேர்ந்து டிசம்பருக்குக் கண்காட்சி ஒன்று வைக்கிறோம். எங்களைப்போன்றவர்கள் எங்களுக்கு முன் இங்கே படித்திருக்கிறார்களா என்று தேடினோம். கம்பஸ் அலுவலகத்தில் கேட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பத்திரிகையில் சின்ன அறிவித்தல் போட்டோம். அதைப் பார்த்துவிட்டுக் கொட்டாஞ்சேனையிலிருந்து றொபேட் என்று, முன்பு இங்கே படித்த ஒருவர் வந்தார். சின்ன வயதில் துறைமுகத்தடியில் லொறி ஏறி ஒரு கால் போய்விட்டதாம். கையில் ஒரு படம். அதில் இரண்டு கூட்டாளிகள் அவரைத் தோளில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அதைக் கண்காட்சியில் நடுவிலே மாட்டவேண்டும் என்று எங்களோடு ஒரே சண்டை.

“நல்ல பெடியன்மார் பிள்ளை. ரெண்டு வருசம் தூக்கினாங்கள். பிறகு ஒருத்தனுக்கு வங்கியில வேலை கிடைச்சிட்டுது. மற்றவன் லண்டன் போயிட்டான். நான் படிப்பை விட்டுட்டன்” என்றார். சொல்லிவிட்டுப் படத்தைத் துடைத்தார். அவருக்கு அவர்கள் மேல் துளி வருத்தமும் இல்லை. எனக்குத்தான் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

நாளை முதல் நான் கதிரையில் ஏறமாட்டேன். வகுப்பு நேரத்தில் படியடியில் இருப்பேன். வரவு குறைந்தால் சோதனை எழுத விடமாட்டார்கள், சிறப்புப் பட்டம் போய்விடும். தெரிந்துதான் செய்கிறேன். பெடியன்களின் முகம் வாடிவிட்டது. “நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள் வதனி?” என்று கேட்டார்கள். ஒரு பிழையும் இல்லை என்றேன். நீங்களும் அதே கேள்வியைக் கேட்பீர்கள். அதே பதில்தான்.

உங்கள்
வதனி


வெள்ளவத்தை,
07.12.1997

அன்புள்ள அண்ணா,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தொலைபேசியில் அம்மாவோடு மட்டும் கதைக்கிறீர்கள். நான் பக்கத்தில்தான் நிற்பேன். “அவளுக்கும் சொல்லுங்கோ” என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கும். பரவாயில்லை, கோபத்தோடே வாசியுங்கள். இது சிரிக்க வேண்டிய கடிதம்.

படியடியில் இருப்பேன் என்று எழுதினேன் அல்லவா? இருந்தேன். அடுத்த நாளே ருக்கியாவும் பக்கத்தில் வந்து இருந்தாள். “நீ படி ஏறலாம்தானே?” என்றேன். “ஏற ஏலும். ஏறி என்ன, சேர் போர்ட்ல எழுதுறத நானா பாக்கப் போறன்?” என்றாள். பெடியன்கள் கோபம் ஆறி மேலேயிருந்து நோட்ஸ் கொண்டுவந்து தந்தார்கள். சேர் எங்களைத் தாண்டி மேலே போவார், இருவருக்கும் வரவு இல்லை என்று குறிப்பார், எங்களைத் தாண்டி இறங்கிப் போவார். நவம்பர் முடிவில் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். கதிரையில் ஏறிவிடலாமா என்றுகூட ஓர் இரவு நினைத்தேன்.

இனி டிசம்பர் மூன்று. கண்காட்சியைப் படியடியிலேயே வைத்தோம். பானருக்கான வசனத்தை நான்தான் தாளில் எழுதினேன். எழுதிவிட்டு, பெடியன்களைச் சிரிக்க வைப்பதற்காக ‘வலது’ என்பதை வெட்டி மேலே ‘இடது’ என்று எழுதிக் காட்டினேன். அதன்பிறகு அதை மறந்தே போனேன். அந்தத் தாளே மருதானையில் பானர் எழுதும் சிங்களத் தொழிலாளி, பாஸ் என்பவரிடம் போய்விட்டது. அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. தாளில் இருப்பதைப் பார்த்துப் படம் கீறுவதுபோல் அச்சொட்டாகக் கீறுவார். வெட்டிய சொல்லை மட்டும் விட்டுவிட்டுக் கீறியிருக்கிறார். காலையில் பார்த்தால் வாசலில் சிவப்பு எழுத்தில், ஆளுயரத்துக்கு: ‘இடது குறைந்தோர் தினம்.’

கழற்றுவதற்குள் வினை வந்துவிட்டது. இடதுசாரி மாணவர் சங்கத்தில் ஹமீட் என்று ஒரு பெடியன், அவன் மட்டும்தான் அங்கே தமிழ் வாசிப்பவன். அவன் வாசித்துச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறான், இடதுசாரிகள் குறைந்துபோனதைக் கொண்டாடுகிறார்களாம் என்று! சங்கம் முழுக்கத் திரண்டு வந்துவிட்டது. அதைப் பார்க்க எதிரணி மாணவர் சங்கம் வந்தது. அதைப் பார்க்கக் கன்டீனே எழும்பி வந்தது. றொபேட் அங்கிள் தன் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இதில கை வச்சா நடக்கிறது வேற” என்று ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டுகிறார். சத்தம் கேட்டு நாகேந்திரம் சேர் இறங்கி வந்தார். கூட்டம் வழி விடவில்லை. மனிதர் கடைசிப் படியில் என் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது.

“ஆரின்ரை வேலை இது? உண்மையில எது குறைஞ்சது, வலதோ இடதோ?” என்று அதட்டினார்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. “சேர், எனக்கு ஒண்டும் குறையேல்ல. இந்தக் கட்டடத்திலதான் கீழ ஒரு வகுப்பறை குறையுது” என்றேன்.

ஹமீட் அதையும் சிங்களத்தில் சொன்னான். இந்த முறை சரியாகச் சொன்னான். முதலில் இடதுசாரிகள்தான் கை தட்டினார்கள். பிறகு எல்லோரும். சேர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போய், றொபேட் அங்கிளின் படத்தடியில் கனநேரம் நின்றார். அங்கிள் தன் கதையைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கீழ்மாடியில் உடைந்த கதிரைகள் போட்டு வைத்திருந்த அறையைத் திறந்து கூட்டித் தந்தார்கள். படியடியில் இருந்த நாட்களையும் வரவில் சேர்க்கும்படி சேரே எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே அங்கே நடந்த முதல் வகுப்புக்கு நான் என் காலால் நடந்து போனேன் அண்ணா. நேரத்தோடு போய், யன்னலுக்குப் பக்கத்தில் எனக்குப் பிடித்த இடத்தைப் பிடித்தேன். கடைசி வரிசையில் றொபேட் அங்கிள் வந்து இருந்தார். அவரை யாரும் எழுப்பவில்லை. சேர் வரவு கூப்பிட்டு முடிய அவரைப் பார்த்து, “உங்கட பேர்?” என்று கேட்டார். “றொபேட், சேர்” என்று அவர் எழும்பி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்பொன்சர் வேண்டாம் அண்ணா. இப்போதைக்கு வேண்டாம். ருக்கியாவுக்கு, அவள் தொட்டு வாசிக்க ஒரு புத்தகமும் இல்லாத நூலகத்தில், செய்ய இன்னும் சண்டை இருக்கிறதாம்.

கோபம் ஆறினால் ஒரு வரி எழுதுங்கள்.

காத்திருக்கும்
வதனி


ஸ்காபரோ,
04.01.1998

அன்பான வதனி,

கோபம் இல்லை. இவ்வளவு நாளும் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. உன்னைச் சுமந்தது ஒன்றுதான் நான் வாழ்க்கையில் செய்த நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த மாதிரி இருந்தது. பானர்க் கதையை வேலைத்தளத்தில் சொல்லிச் சிரித்தேன். றொபேட் எழும்பி நின்ற இடத்தை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மச்சத்தைப் பார்க்க இரண்டு கண்ணாடி வைத்துப் பாடுபட்டேன். இருக்கிறது. இத்தனை வருடமும் எனக்கே தெரியாமல் போய்விட்டது.

கனடாப் பாஸ்போட் கிடைத்துவிட்டது. சித்திரையில் வருகிறேன். அம்மாவுக்கு நீயே சொல்லு, நான் சொன்னால் இன்றைக்கே பலகாரம் சுடத் தொடங்கிவிடுவார். உன் வகுப்பறையைப் பார்க்கவேண்டும். வெள்ளவத்தையிலிருந்து உன்னோடு சேர்ந்தே வருகிறேன். பயப்படாதே, தூக்கமாட்டேன். பக்கத்தில் நடந்து வருவேன். மெதுவாக நடந்து எனக்குப் பழக்கமில்லை, நீதான் பழக்கவேண்டும். எதிரே சைக்கிள் வருகிறதா, மாடு வருகிறதா என்று இந்த முறை இரண்டு பேரும் பார்ப்போம்.

உன் பக்கத்தில் நடக்கப்போகும்
அண்ணா