மாஸ்க்குக்குத் தனிக் கரண்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். இந்த வரியைச் சும்மா எழுதல, உங்கப்பாவையும் மாமாவையும் ஒரு பார்வை பாத்துட்டுத்தான் எழுதினேன். உனக்கு அந்த இருமல் விட்டுச்சா? போன்ல சொன்னா நீ கத்துவ, நான் திருப்பிக் கத்துவேன், விஷயம் நடுவுல செத்துப்போகும். அதான் காகிதம்.

வீட்டுக்குள்ள வெக்கை இறங்காம மச்சுலயும் சுவத்துலயும் நுரை அடிக்கிற நம்ம லாரிக்குக் கரண்ட் எங்கேருந்து எடுக்கிறதுன்னு ஒரு மாசமா வீட்டுல ஒரே சண்டை. வேலை நடக்கிற வீட்டுலயே எடுத்துக்கலாம்னு முதல்ல ஒரு தையல்காரர் வீட்டுல மாட்டினோம். நுரை மருந்தைச் சூடாக்குற ஹீட்டரும் கம்ப்ரஸரும் ஒண்ணாக் கிளம்பினதும் அவர் வீடே அணைஞ்சுபோச்சு, ஹோஸ் சூடு இறங்கி நுரை சோப்புத்தண்ணி மாதிரி சுவத்துல ஒழுகுச்சு. நாள் முழுக்கச் சுரண்டினோம். உங்கப்பா லாரி இன்ஜின்லேருந்தே எடுக்கலாம்னாரு, இருக்கிற இன்ஜின் ஊர் போய்ச் சேர்றதே பெரிசுன்னு சொல்லிட்டேன். நீ பேட்டரின்ன. நாள் பூரா ஹீட்டர் ஓடணும்டி, அதுக்கு வேணும்கிற பேட்டரியை ஏத்தினா மருந்து ட்ரம் வைக்க இடம் இருக்காது. அதனால யாரையும் கேக்காம டீசல் ஜெனரேட்டர் வாங்கிட்டு வந்து லாரிக்குப் பின்னாடி மாட்டிட்டேன். எல்லாம் ஒண்ணா ஓடுச்சு, ஒரு விளக்குகூட மங்கல. சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியல.

இப்ப நான் பண்ணின கூத்தைக் கேளு. நுரை அடிக்கும்போது வர்ற ஆவி உள்ள போகக் கூடாதுன்னு மாமா மாஸ்க்குக்கு ஒரு சின்ன பம்ப் வெளிக்காத்தைக் குழாய்ல அனுப்பும்ல, அதோட வயர் எட்டலன்னு பம்பைத் தூக்கி ஜெனரேட்டர் பக்கத்துலயே வச்சேன். புகை அந்தப் பக்கம்தானே போகுதுன்னு நினைச்சேன். காத்து திரும்பினதைப் பாக்கல. மச்சுல இருந்த மாமா தலை வலிக்குதுன்னான், சாக்குச் சொல்லாம அடிடான்னேன். கொஞ்ச நேரத்துல கோணல்மாணலா அடிக்க ஆரம்பிச்சான், அதுக்கும் திட்டினேன். அப்புறம் தவழ்ந்து ஏணி வரைக்கும் வந்து மாஸ்க்கைப் பிடுங்கி எறிஞ்சுட்டு அப்படியே சாஞ்சுட்டான். உங்கப்பாதான் தோள்ல போட்டு இறக்கினாரு. ஆஸ்பத்திரியில ஒரு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க, இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் என் மூஞ்சியைப் பாத்தே சொன்னாரு. பயப்படாதே, இப்ப நல்லா இருக்கான், அக்கா என்னை நுரை அடிக்கவா அனுப்பினா, கொசுவுக்குப் போடுற மாதிரி புகை போட்டுட்டாளேன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். நான் மட்டும் சிரிக்கல.

ஜெனரேட்டரைப் பின்னாடியிலேருந்து கழட்டி டிரைவர் கேபினை ஒட்டி மாட்டி, புகைக்குழாயை லாரி உயரத்துக்கு மேல ஏத்தியாச்சு. மாஸ்க் பம்புக்கு மட்டும் நீ சொன்ன மாதிரி தனியா ஒரு பேட்டரி, லாரியை விட்டுத் தள்ளி எங்க நல்ல காத்து வருதோ அங்க தூக்கிட்டுப் போய் வைக்கலாம். பெரிய விஷயத்துல நான் சொன்னது, உயிர் விஷயத்துல நீ சொன்னது. ஆனா அந்த பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்னு எனக்குச் சரியாத் தெரியல. கடைக்காரன் நாள் முழுக்க வரும்கிறான், அவனா மாஸ்க் போட்டுக்கப் போறான்? பாதியில நின்னா மாமா உள்ள மாட்டிக்குவான். பம்புலயும் பேட்டரியிலயும் ஒட்டியிருக்கிற சீட்டுல உள்ள நம்பரை அப்படியே இந்தக் காகிதத்தோட பின்பக்கம் எழுதியிருக்கேன், கணக்குப் போட்டுச் சொல்லு. பாப்பா சொன்னா மாஸ்க்கைப் போடுறேன், நீ சொன்னா மாட்டேன்னு மாமா சொல்லிட்டான். கோவம் வரல எனக்கு. பாலிடெக்னிக்கை ரெண்டாம் வருஷத்துல விட்டுட்டு ஓடினவ நான், எதுலயும் பொறுமை கிடையாதுன்னு உனக்கே தெரியும். தச்சர் வீட்டு வேலை காத்திருக்கு, தினமும் ஆள் அனுப்புறாரு, என் பொண்ணு பதில் வரட்டும்னு திருப்பி அனுப்புறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோட வெளிய போகாதே. நீ எங்க இருந்தாலும் நல்லா இருப்ப, எடுத்த காரியம் ஜெயிக்கும். பின்பக்கம் திருப்பிப் பாக்க மறந்துடாதே.

இப்படிக்கு,
லாரிச் சாவியை ஆணியில மாட்டிட்டு உக்காந்திருக்கிற
உன் அம்மா