மடங்கிப்போன பேனர்

அடி அண்ணாமலை
ஞாயித்துக்கிழமை

அன்பு மக எழிலரசிக்கு அம்மா எழுதறது. அந்தக் குளிர்ல சளி கிளி பிடிக்காம நீ நல்லா இருக்கணும். நாங்க முக்கால்வாசி நல்லா இருக்கோம், மீதிய கீழே சொல்றேன், பயப்படாம படி. போன்ல சொன்னா உங்கப்பா நடுவுல பிடுங்கிக்குவாரு, அதான் கடுதாசி.

மூத்திரப்பைப் புத்துநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கெடைக்கல, விட்டுட்டு கம்பெனி வேலைக்குப் போறேன்னு சொன்னே இல்ல, அன்னிக்கே உங்கப்பாவுக்கு ரோஷம் வந்துடுச்சு. பௌர்ணமிக்கு நம்ம வாசல் வழியாத்தானே அத்தன ஜனம் மலை சுத்துது, ஆளுக்கு அஞ்சு ரூபா போட்டா போதும்னு, மூத்திரப்பைப் புத்துநோய் ஆராய்ச்சி நிதின்னு பேனர் அடிச்சுக் கட்டிட்டாரு. அந்த வார்த்தைய அவ்ளோ பெருசா போடாதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாதானே. பௌர்ணமி அன்னிக்குச் சாயங்காலம் அடிச்ச காத்துல பேனர் மடங்கிக்கிச்சு, மூத்திரன்னு மட்டும் தெரியுது, கீழே உண்டியலோட உங்கப்பா. அவ்ளோதான், ஜனம் லைன் கட்டிடுச்சு! காசப் போட்டுட்டு லேடீஸ் எந்தப் பக்கம்னு கேக்கறாங்க. ஆராய்ச்சிம்மா ஆராய்ச்சின்னு இவரு கத்தறாரு, மொதல்ல போயிட்டு வரேன், அப்புறமா ஆராய்ச்சி பண்ணுய்யான்னு ஒரு பெரியம்மா உள்ள பூந்துடுச்சு. பக்கத்துல பஜ்ஜி போடற திரௌபதி, பாவம்க்கா, தொறந்து விடுன்னா. நானும் நம்ம பாத்ரூமைத் தொறந்து விட்டுட்டேன், ரெண்டு தடவ மோட்டர் போட வேண்டியதாப் போச்சு.

சும்மா காசு வாங்கக்கூடாதுன்னு, லைன்ல நின்னவங்களுக்கு நீ அனுப்பின நோட்டீஸை உங்கப்பா சத்தமா படிச்சாரு. மூத்திரத்துல ரத்தம் வந்தா, வலியே இல்லன்னாலும் டாக்டரைப் பாருங்க, பீடி சிகரெட் பிடிக்கறவங்க ஜாஸ்தி கவனமா இருங்கன்னு. நாலஞ்சு தடவ படிச்ச மனுஷன் நடுவுல நிறுத்திட்டு என்கிட்ட வந்து, தனம், எனக்கும் ரெண்டு மாசமா அப்பப்போ அப்படித்தான் வருது, பீட்ரூட்டுன்னு நெனச்சிட்டேன்னாரு. நம்ம வீட்ல பீட்ரூட் வாங்கி ஒரு வருஷம் ஆவுது எழில்.

மறுநாளே வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். சின்னக் கட்டி, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, எடுத்துடலாம், அப்புறமும் தவறாம வந்து காட்டணும்னாங்க. வர்ற வியாழக்கிழமை எடுக்கறாங்க. பீடிய விட்டுட்டேன்னு சொல்றாரு, நான் தெனம் சட்டைய மோந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

நீ அந்த ஆராய்ச்சிய விடாத கண்ணு. பணம் தரமாட்டேன்னவங்களுக்கு மறுபடி எழுது. உன் ஆராய்ச்சியால யாருக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டா, அடி அண்ணாமலையில வேடியப்பன்னு ஒருத்தரு பொழச்சாருன்னு எழுது. அப்பான்னு மட்டும் போடாத, சொந்தக்காரங்க சாட்சி செல்லாதுன்னு தள்ளிடப் போறாங்க.

அண்ணாமலையார் உனக்குத் துணையா இருப்பாரு. வேளைக்குச் சாப்பிடு, தண்ணி நெறைய குடி, வேல மும்முரத்துல அடக்கி வெச்சிக்காத.

இப்படிக்கு,
உன் அம்மா தனம்